மருமகளின் படி பூஜையும் அந்த ரத்தப் பரிசோதனையும்

இதை எழுதுவதா வேண்டாமா என்ற தயக்கத்திலேயே எனக்குச் சில வருஷங்கள் போய்விட்டன. உட்கார்ந்தால் கை வராது. எழுதியதைக் கிழித்தும் போட்டிருக்கிறேன். சாமிக்கு நேர்ந்துகொண்டதை வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அதோடு, நான் எழுதியதைப் படித்து யாராவது முருகனைக் குறைவாக நினைத்துவிட்டால் அந்தப் பாவம் என் தலையில்தானே விடியும் என்ற பயமும் இருந்தது. எட்டாவது வரை படித்தவளுக்கு வைத்தியத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்றும் தோன்றும்.

ஆனால் நான் எழுதாவிட்டாலும் கதை டில்லியில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கோவில் வரிசையில், கல்யாணப் பந்தியில், போனில் வருகிற செய்தியில். "சரோஜினி நகர்ல ஒரு பொண்ணு. ரத்தத்துலயே வியாதி. மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் படி பூஜை செஞ்சா. ஆயிரக்கணக்குல ஏறியிருந்தது ஒரே வாரத்துல இறங்கிருச்சு. குழந்தையும் பொறந்துச்சு." இப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பெண் என் மருமகள். படி பூஜை செய்தது உண்மை. ரத்தத்தில் ஏறியிருந்தது இறங்கியதும் உண்மை. குழந்தை பிறந்ததும் உண்மை. அந்தக் குழந்தைதான் இப்போது நான் எழுதுகிற தாளின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஆனால் நடந்தது அவர்கள் சொல்வது போல இல்லை.

என் மகன் டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் அப்பாவைப் போலவே மத்திய அரசு வேலை. அவர் காலமான பிறகு நான் மகனோடு சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தேன். மருமகளின் வீடு கரோல் பாகில். அவள் தாத்தா காலத்தில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம். தமிழ் நன்றாகப் பேசுவாள், நடுவே இந்தி விழும். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் சஷ்டி விரதத்தில் என்னைவிட ஒழுங்கு. நான்கூட ஒரு காபி குடித்துவிடுவேன், அவள் குடிக்க மாட்டாள். "கவசப் பாட்டோட அர்த்தம் எனக்குத் தெரியாது அத்தை. முருகனுக்குத் தெரியும்ல, போதும்" என்பாள்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷக் கோடையில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. சப்பாத்தி மாவைப் பிசைய முடியாமல் பாத்திரத்தை என் பக்கம் தள்ளிவிடுவாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும். வெயிலில் மார்க்கெட்டுக்குப் போய்வந்தால் இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவப்பாகப் படரும். கீழ்வீட்டில் எங்கள் மதுரைப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். வாய் கொஞ்சம் அதிகம், மனசு கெட்டதில்லை.

"என்னத்தா, ஒம் மருமகளுக்கு இன்னும் வெக்கம் தெளியலையா? கன்னம் செவந்தே கெடக்கு" என்று முதலில் கேலி செய்தார். பிறகு, "பகலெல்லாம் படுத்தே கெடக்காளே, வந்துருக்கிறது மருமகளா விருந்தாளியா?" என்றார்.

"ரெண்டுந்தாங்க்கா. நீங்க ஒரு நாளைக்கு வந்து ஒலை வச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றேன்.

காலனி டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஈரலின் என்சைம் கூடியிருப்பதாகத் தாளில் வந்தது. ஈரல் என்றதும் எங்கள் வீட்டில் அது காமாலை என்று முடிவாகிவிட்டது. ஊரிலிருந்து ரயிலில் வந்தவர்களிடம் சொல்லிக் கீழாநெல்லி வரவழைத்து, அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். மேல்வீட்டுப் பஞ்சாபி அம்மா அவள் பங்குக்கு முள்ளங்கி இலைச் சாறு கொண்டுவந்தாள். மருமகள் இரண்டையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அவள் கண் மஞ்சளாகவே இல்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒரு நாள் குளியலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே மூட்டு நோய்ப் பிரிவில் இருந்த டாக்டரம்மா கன்னத்துச் சிவப்பைப் பார்த்தார், விரல்களை அழுத்திப் பார்த்தார், என்னென்னவோ ரத்தப் பரிசோதனை எழுதினார். லூபஸ் என்று வந்தது. அவர் இந்தியில்தான் பேசுவார். எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன்.

"வீட்டைக் காக்க வச்ச காவல்காரன் வீட்டு ஆளுங்களையே அடிக்க ஆரம்பிச்சா எப்படி? அதான் இந்த வியாதி. எந்த அறைக்குள்ள போய் அடிப்பான்னு சொல்ல முடியாது. மூட்டு, தோல், ஈரல், கிட்னி, எதுவா வேணும்னாலும் இருக்கலாம்."

"அப்ப அந்த என்சைம் கூடினது?" என்று என் மகன் கேட்டான்.

"அதெல்லாம் வீட்டுக்குள்ள இருக்க வேண்டிய பாத்திரம். தெருவுல கெடந்தா, உள்ள என்னமோ ஆயிருக்குன்னு தெரியும். ஈரல் வீட்டுப் பாத்திரம் ஒரு மாதிரி, தசை வீட்டுப் பாத்திரம் ஒரு மாதிரி இருக்கும். யார் வீடுன்னுகூட ஓரளவு சொல்லிரலாம். ஆனா உள்ள திருடன் வந்தானான்னு பாத்திரம் சொல்லாது. நாமதான் போய்ப் பாக்கணும்."

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. இந்த என்சைம்களின் ஏற்ற இறக்கத்தை வைத்து, லூபஸ் கிளம்பப்போவதை முன்னாலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். முடியும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ரத்தம் கொடுக்க வரும்போது ஒரு குழாய் அதிகமாக எடுத்துக்கொள்ளலாமா என்று அந்த வேலையைச் செய்த பெண் கேட்டாள். என் மருமகள் உடனே சரி என்றாள். "என் ரத்தத்தால இன்னொரு பொண்ணுக்குச் சீக்கிரம் தெரிஞ்சா நல்லதுதானே அத்தை" என்றாள்.

மாத்திரைகள் ஆரம்பித்தன. முகம் உப்பியது. வெயில் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதால் மே மாதத்திலும் முழுக்கை போட்டுக் குடை பிடித்துக்கொண்டு போவாள். "மழையில்லாத ஊர்ல குடை பிடிக்கிற மகராசி" என்று கீழ்வீட்டு அக்கா சொன்னபோது, "நிழல் உங்களுக்கும் வேணுமா அக்கா, வாங்க" என்று சிரித்தாள். டாக்டர் சொன்னதில் ஒன்றைக்கூட நாங்கள் தட்டவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

அவளுக்குக் குழந்தை வேண்டும். வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் மார்க்கெட்டில் குழந்தைத் துணி விற்கிற வரிசையை மட்டும் சுற்றிக்கொண்டு போவாள். எனக்குத் தெரியும். டாக்டரம்மா, "ஆறு மாதம் வியாதி சத்தமில்லாமல் இருக்கட்டும். ரத்தமும் சிறுநீரும் அமைதியாக வந்தால் அந்தப் பேச்சை எடுக்கலாம்" என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு மாதமும் நல்லபடியாக வந்தது. மூட்டு வலி குறைந்தது. முடி கொஞ்சம் அடர்ந்தது. கடைசிப் பரிசோதனை ஒன்று மட்டும் பாக்கி.

அப்போதுதான் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, ஒண்ணு சொன்னா அவர்கிட்ட சொல்ல மாட்டீங்களே?"

"என்னத்தா?"

"படி பூஜை செய்யறேன்னு வேண்டிக்கிட்டேன். டெஸ்ட்டுக்கு முன்னாடி. மூணு தடவை."

"ஒரு தடவை போதாதா தாயி?"

"ஒரு தடவை எனக்கு. ஒரு தடவை அவருக்கு." அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "ஒரு தடவை வரப்போறதுக்கு" என்றாள்.

எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. உள்ளபடி சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

படி பூஜை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே டில்லியிலும் முருகன் ஒரு குன்றின் மேல்தான் இருக்கிறான். அவனிடம் போகிற ஒவ்வொரு படிக்கும் பூஜை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, படியை ஈரத்துணியால் துடைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு பூவை வைத்துக் கும்பிட வேண்டும். எழுந்து அடுத்த படியில் மறுபடி உட்கார வேண்டும். உச்சி வரைக்கும் அப்படியே.

கிருத்திகை அன்று வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று விடிகாலையிலேயே ஆட்டோ பிடித்தோம். மகனிடம் கோவிலுக்கு என்று மட்டும் சொன்னோம். அவள் வெறும் பால் குடித்திருந்தாள், விரதம். நான் தண்ணீர்ச் செம்பும் பூக்கூடையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். முதல் தடவை ஏறும்போது சிரித்துக்கொண்டே ஏறினாள். இரண்டாவது தடவை பேச்சு நின்றது. மூன்றாவது தடவை ஒவ்வொரு படியிலும் கையை ஊன்றி எழுந்தாள். "போதும்த்தா, மிச்சத்தை நான் செய்யுறேன்" என்றேன். "இது உங்க படி இல்லை அத்தை" என்றாள். மேலே போய் நின்றபோது அவள் முகத்தில் ஒரு ஒளி இருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். படி பூஜை செய்த கால் வலிக்கத்தானே செய்யும் என்று இருவரும் சிரித்தோம். அதற்கு மறுநாள் போய் ரத்தம் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களே போன் செய்து வரச் சொன்னார்கள். தசையிலிருந்து வருகிற என்சைம் எப்போதும் நூறு, நூற்றைம்பதில் இருப்பது, இந்த முறை ஆயிரங்களில் ஏறி நின்றது. டாக்டரம்மாவின் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"எங்கயாவது விழுந்தியா?" என்று மருமகளைக் கேட்டார். இல்லை என்றாள். ஊசி ஏதும் போட்டுக்கொண்டாயா, புது மாத்திரை, நாட்டு மருந்து? இல்லை. "கசரத் ஏதாவது? ஓட்டம், ஜிம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜிம்மா! ஊறுகாய் பாட்டில் மூடியத் தெறக்கவே என்னைத்தான் கூப்பிடுவா மேடம்" என்று என் இந்தியில் சொன்னேன். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். "இல்லை" என்று தாளில் எழுதிக்கொண்டார்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. அவர் உடற்பயிற்சியைக் கேட்டார். நாங்கள் செய்தது பூஜை. பூஜையை யாராவது கசரத் என்று நினைப்பார்களா? என் மகனுக்கோ எதுவும் தெரியாது, அவன் நேராகப் பார்த்துக்கொண்டு, "நஹி மேடம், வீட்டுலதான் இருக்கா" என்றான்.

காவல்காரன் தசைக்குள் நுழைந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஸ்டீராய்டு மாத்திரையை உடனே கூட்டினார். தொடையிலிருந்து ஒரு துணுக்குச் சதையை வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும், அது உறுதியானால் இன்னும் பலமான மருந்து தர வேண்டும் என்றார். மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்ப குழந்தை விஷயம்...?"

"இப்ப அந்தப் பேச்சே வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் அவள் குளியலறைக்குள் போய் நகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். படியில் வைத்த குங்குமம் நகக்கண்ணில் இன்னும் ஒட்டியிருந்தது. நான் போய்த் தண்ணீர்க் குழாயை மூடினேன்.

"அத்தை, நான் ஒரு படியை விட்டுட்டேன்."

"என்ன சொல்ற?"

"மூணாவது தடவை கண்ணு இருட்டிட்டு வந்தது. ஒரு படிக்குக் குங்குமம் வெச்சேனா இல்லையான்னு ஞாபகமே இல்லை. அதான். அதான் இப்படி ஆயிடுச்சு."

"அப்படியெல்லாம் முருகன் கணக்குப் பாக்க மாட்டான் தாயி" என்றேன். சொன்னேனே தவிர, நானும் மனசுக்குள் படிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பூக்கூடையோடு பின்னால் வந்தவள் நான்தானே. எந்தப் படியில் பூ மட்டும் இருந்தது, குங்குமம் இல்லை?

வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை முழுசாகச் செய்துவிடுகிறேன் என்றாள். அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, சதை எடுப்பதற்கு முன்னால் டாக்டரம்மா ஒரு முறை பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் மஞ்சளும் குங்குமமும் வாங்கி வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பூக்காரனிடம் வெள்ளிக்கு உதிரிப்பூ சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அன்றைக்கு டாக்டரம்மா அவளுடைய கைகளைத் தூக்கச் சொன்னார், தலையைத் தூக்கச் சொன்னார். பிறகு, "கீழே குத்துக்காலிட்டு உக்காரு. கையை ஊன்றாம எழுந்திரு" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். எழுந்தாள். கொஞ்சம் முகம் சுளித்தாள், ஆனால் எழுந்துவிட்டாள்.

டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். "இன்னொரு தடவை."

மறுபடி உட்கார்ந்து எழுந்தாள்.

பிள்ளையை இப்படிப் போட்டு வாட்டுகிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு முடியாது என்று நினைத்துத்தானே சதையை வெட்டப் பார்க்கிறார்கள், முடியும் என்று காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில், "இதெல்லாம் அவளுக்குப் பெரிசே இல்லை மேடம். அன்னிக்குக் கோவில் படி பூரா இப்படித்தான உக்காந்து உக்காந்து ஏறினா. மூணு தடவை!" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேண்டுதலைச் சொல்லிவிட்டேனே.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொன்னீங்க மாஜி?" மாஜி என்றால் இந்தியில் அம்மா, என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். இனி மறைத்துப் பயனில்லை. கையால் செய்து காட்டினேன். துடைப்பது, மஞ்சள், குங்குமம், பூ, எழுவது, அடுத்த படி.

"எத்தனை படி?"

"கீழேருந்து உச்சி வரைக்கும்."

"என்னிக்கு?"

"கிருத்திகை அன்னிக்கு."

"அது எந்தத் தேதி?" என்று அவர் என் மகனைப் பார்த்தார். அவன் போனில் பார்த்துவிட்டு வாயைத் திறந்தபடி நின்றான். "ரத்தம் எடுத்ததுக்கு ரெண்டு நாள் முன்னாடி மேடம்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினான். "அம்மா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? நான் யாரு இந்த வீட்டுல?"

"சொன்னா பலிக்காதுடா."

"இப்ப நல்லா பலிச்சிருக்கு!"

டாக்டரம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா, கோபமா என்று தெரியவில்லை. பிறகு மெதுவாகப் பேசினார். "மாஜி, வருஷக்கணக்கா உடம்பு அசையாத ஒரு பொண்ணு பட்டினியோட அத்தனை தடவை உக்காந்து எழுந்தா, தசை நொந்து என்சைம் கொட்டத்தான் செய்யும். ஜிம்முக்குப் போறவங்களே இவ்வளவு செய்ய மாட்டாங்க. தெருவுல பாத்திரம் கெடந்துச்சுன்னு நான் திருடனைத் தேடினேன். நீங்க தீபாவளிக்கு வீடு கழுவி வெளியில எடுத்து வச்சிருக்கீங்க." உடனே விரலை உயர்த்தினார். "இதுவும் உறுதி இல்லை. ஒரு வாரம் படி ஏறக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, சும்மா இருக்கணும். திரும்ப ரத்தம் பாப்போம். சதை வெட்டறதை நிறுத்தி வைக்கறேன்."

வெளியே ஆராய்ச்சிப் பெண் அந்த முறை எடுத்த குழாயைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று குறித்துக்கொண்டாள். "நீங்க சொல்லலைன்னா உங்க படி பூஜையை லூபஸ்னு எழுதியிருப்பேன் ஆன்ட்டி" என்றாள். சாயங்காலம் பூக்காரனிடம் போய் உதிரிப்பூ வேண்டாம் என்று சொன்னேன்.

ஒரு வாரம் அவள் கட்டிலிலேயே இருந்தாள். ரத்தம் எடுத்தார்கள். பழைய இடத்துக்கு இறங்கியிருந்தது.

நாங்கள் ஆடிப் பாடியிருக்க வேண்டும். ஆனால் ஏற்றிய மாத்திரையை ஒரேயடியாக இறக்க முடியாது என்றார் டாக்டரம்மா. படிப்படியாக இறக்கி, அதன் பிறகும் வியாதி அமைதியாக இருக்கிறதா என்று மறுபடி மாதக்கணக்கில் பார்க்க வேண்டும். கைக்கு எட்டியிருந்தது மறுபடி தூரப் போய்விட்டது. மருமகள் அழவில்லை. வீட்டுக்கு வந்து முருகன் படத்துக்கு முன்னால் நின்றாள்.

"அப்ப நான் ஏறினதாலதான் ஏறிச்சு. நான் படுத்ததால இறங்கிடுச்சு. இதுல முருகன் எங்க இருந்தார் அத்தை?"

"எனக்குத் தெரியலை தாயி" என்றேன். சதையை வெட்டுவதற்கு முன்னால் என் வாயில் அந்த வார்த்தையை வரவைத்தது அவன்தான் என்று நான் நம்புகிறேன். ஆனால் அதை அவளிடம் சொல்ல அன்று தைரியம் வரவில்லை. வலி அவளுடையது, விளக்கம் என்னுடையதாக இருந்தால் எப்படி ஒட்டும்? அதிலிருந்து அவள் விளக்கு ஏற்றவில்லை. திரியைத் திரித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். நான் ஏற்றுவேன்.

கதை எப்படிக் கிளம்பியது என்றும் சொல்ல வேண்டும். ஆயிரங்களில் ஏறிய அன்று கீழ்வீட்டு அக்காவிடம் அழுதிருந்தேன். இறங்கிய அன்று "இறங்கிருச்சுக்கா, முருகன் காப்பாத்திட்டான்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். கோவிலில் எங்களைப் படியில் பார்த்த யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்றையும் அவர் கோத்துவிட்டார். பின்னால் குழந்தை பிறந்ததும் மாலை முழுசாகிவிட்டது. மாத்திரையைத் தூக்கிப் போட்டாள் என்று யார் சேர்த்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவைக் கேட்டால், "நான் சொல்லலத்தா, ஆனா கேக்க நல்லாத்தான இருக்கு" என்கிறார்.

குழந்தை எப்படிப் பிறந்தது என்றால், மாத்திரையோடுதான் பிறந்தது. கர்ப்பத்துக்கு ஆகாததை டாக்டரம்மா முன்பே மாற்றி, ஆகிறதை மட்டும் வைத்திருந்தார். அதில் ஒரு வேளைகூட அவள் தவறியதில்லை. மாதம் நிறையும் முன்பே பிறந்து, உள்ளங்கை அகலத்துக்கு இருந்து, பல வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள் என் பேத்தி. அந்த வாரங்களில் எங்களுக்கு ஒரு உபதேசமும் தோன்றவில்லை. பயம் மட்டுமே இருந்தது.

இத்தனையும் நடந்து சில வருஷமாகிவிட்டது. எழுதி முடித்திருக்கவே மாட்டேன், அந்தப் போன் வந்திருக்காவிட்டால்.

கரோல் பாகிலிருந்து ஒரு அம்மா பேசினார். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். "அம்மா, எம் பொண்ணுக்கும் அதே லூபஸ்தாம்மா. போன வருஷம் கல்யாணம் ஆச்சு. படி பூஜையைக் கீழேருந்து ஆரம்பிக்கணுமா, மேலேருந்தா? மாத்திரையப் பூஜைக்கு எத்தனை நாள் முன்னாடி நிறுத்தினீங்க?"

"நிறுத்தவே இல்லம்மா. இன்னிக்கும் சாப்பிடுறா" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். என்சைம் ஏறியதே படியால்தான் என்று சொன்னேன். நிறுத்தினால் கிட்னி போய்விடும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கண்ணு பட்ரும்னு மறைக்கிறீங்க. புரியுதும்மா. நானா இருந்தாலும் மறைப்பேன்" என்றார். "எம் பொண்ணு நிறுத்திட்டா. இன்னிக்குக் கொஞ்சம் கால் வீங்கியிருக்கு, அது வியாதி வெளிய போற அறிகுறின்னு சொல்றாங்க."

"கால் வீங்குறது கிட்னி கெடுற அறிகுறியா இருக்கலாம்மா. உங்க பொண்ணுகிட்ட போனக் குடுங்க. என் மருமகளப் பேசச் சொல்றேன்."

"தூங்குறாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு அந்த நம்பரில் யாரும் எடுக்கவே இல்லை. என் மருமகள் தன் போனிலிருந்தும் கூப்பிட்டுப் பார்த்தாள். இந்தியில், தமிழில், குரல் செய்தியாக அனுப்பினாள். கரோல் பாகில் தன் அம்மா வீட்டுத் தெருவிலெல்லாம் கேட்டுவிட்டு வந்தாள். அந்தப் பெண் யார், இப்போது எப்படி இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. "இன்னொரு பொண்ணுக்கு நல்லதாகும்னுதானே அத்தை ஒரு குழாய் ரத்தம் அதிகமா குடுத்தேன். என் கதை போய் இன்னொருத்தியை..." என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, "எழுதுங்க அத்தை. முருகன்கிட்ட நான் கேட்டுக்கறேன்" என்றாள். அன்றைக்கு நெடுநாளைக்குப் பிறகு விளக்கை அவளே ஏற்றினாள்.

எழுதியதை அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். விளக்கு ஏற்றாத நாட்களை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "எதையும் எடுக்காதீங்க. எடுத்து எடுத்துத்தான் அந்தக் கதை அப்படி ஆச்சு" என்றாள்.

படிக்கிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த வியாதி உள்ள வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால் அங்கே இதைக் கொண்டுபோங்கள், குறிப்பாகக் கரோல் பாகில். வாயால் சொல்வதாக இருந்தாலும், தாளில் கொடுப்பதாக இருந்தாலும், இருக்கிறபடியே கொடுங்கள். மாத்திரையை விட்டுவிட்டு முருகனை மட்டும் சொல்லாதீர்கள். முருகனை விட்டுவிட்டு எங்களைப் பைத்தியக்காரிகள் என்றும் சொல்லாதீர்கள். அவள் ஏறிய படியையும் சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்லாமல் விட்டதையும் சொல்லுங்கள். கேட்க நன்றாக இருக்கட்டும் என்று ஒரு சொல் சேர்த்தாலும், அந்தச் சொல்லை நம்பி எங்கேயோ ஒரு பெண் மாத்திரையைக் கீழே வைத்துவிடுவாள்.